வெறுங்காலோடு ஒரு செருப்பு விழா

அன்புள்ள ராக்கம்மா அத்தைக்கு,

அல் ஐன் கேம்பிலிருந்து அன்பரசன் வணங்கி எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் நலமா? வெள்ளிக்கிழமை முதல் நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே லீவில் வரும் சேதுபதி அண்ணன் கையில் இந்தக் கடிதம்.

தப்பு என்னுடையது. நம் தெரு ஆட்கள் மேலத்தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு போன காலத்தில், முதலில் காலில் போட்டு நடந்தது நீங்கள். அதற்கு நாற்பது வருடம். ஊரில் வரும் ஞாயிறு விழா. இங்கேயும் வைப்போம் என்று நான்தான் சொன்னேன். 'செருப்புப் போட்ட நாள்' என்று பேனருக்கு எழுதி, துபாய் தேராவில் செய்கு அலாவுதீன் பாய் கடைக்கு அனுப்பினேன். நல்ல மனிதர். அவராகவே நாலு ஜோடி செருப்புப் படம் போட்டு, 'அனைவரும் வருக' என்றும் சேர்த்துவிட்டார். வாசலில் கட்டியதும் பக்கத்து ரூம் பெங்காலிகள் வரிசையில் நின்றார்கள். "பாய், தஸ் நம்பர் ஹை?" பத்தாம் அளவு கேட்கிறார்கள். மாஃபி, மாஃபி, இல்லவே இல்லை என்று பேனரை அவிழ்த்து ரூமுக்குள் கட்டி, அதன் கீழே நம் ஊர்க்காரர்கள் பதினெட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்து, உங்களை வீடியோவில் கூப்பிட்டுக் கை தட்டினோம்.

நீங்கள் திரையை உற்றுப் பார்த்தீர்கள். பிறகு, "ஏ மருமகனே, ஒங்க செருப்பெல்லாம் எங்கடா?"

குனிந்து பார்த்தேன். முப்பத்தாறு வெறுங்கால்கள். ரூமுக்குள் செருப்புக்குத் தடை. கதவில் ஒட்டியிருக்கிறது. என் கையெழுத்து.

பதினெட்டுப் பேரும் வாசலுக்குப் பாய்ந்ததில் போன் விழுந்தது. நாங்கள் கட் பண்ணவில்லை அத்தை. எடுத்தபோது உங்கள் குரல் மட்டும்: "இங்கயும் இப்பிடித்தான், மேடையில ஒக்காரவச்சுப் பொன்னாடை போத்துவாங்க. அதுக்கா நடந்தேன்? நா வரல."

ரூமில் பாதிப் பேர் நீங்கள் அன்று நடந்ததற்குப் பிறகு பிறந்தவர்கள். அந்தத் தெருவில் செருப்போடு மட்டுமே நடந்தவர்கள். அதற்கு ஒரு முதல் நாள் இருந்தது என்பதே இப்போதுதான் அவர்களுக்குத் தெரியும். மேடை வேண்டாம். நீங்கள் நடந்தால் போதும். பார்க்கக் காத்திருக்கிறோம்.

மாமாவுக்கும் ஆட்டுக்குட்டிகளுக்கும் என் அன்பு. கோபம் தீர்ந்த பிறகு ஆசீர்வதிக்கவும்.

அன்பரசன்

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். தங்கை அகிலா இப்போதுதான் போன் செய்தாள். ஞாயிறு வரை பொறுக்காமல் இன்று காலையே மேலத்தெருவில் தனியாக நடந்தீர்களாமே. பாதி வழியில் முழங்கால் பிடித்துக்கொள்ள, ஜோதிமணி நாற்காலி கொண்டுவந்து போட்டாராம். அன்று உங்கள் மேல் சாணியைக் கரைத்து ஊற்றிய அதே ஜோதிமணி. "ஞாயித்துக்கெழமையும் போடுறேன், உக்காந்து உக்காந்து போ" என்றாராம். "நாக்காலி கெடக்கட்டும். நீயும் கூட நட" என்றீர்களாம். அவர் குனிந்து தன் காலைப் பார்த்தாராம். பிறகு, "இரு, செருப்பைப் போட்டுட்டு வாரேன்."