விசில் துரை கல்யாணத்துக்கு ஓடியவர்கள்

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஸ்டியரிங்கைத் தொடாமலே பஸ் ஓட்டிய மனுஷன் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் விசில் துரை.

அப்பா அளக்கிறார் என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. நடந்ததைச் சொல்கிறேன். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், எங்கள் மிஷன் பள்ளிக்கூடம். மைதானத்தை ஒட்டி பஸ் நிற்கும். ஒருநாள் சாயங்காலம் பஸ் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்க, கண்டக்டர் இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தார். மைதானத்தில் துரை எங்களை வரிசையாக நிறுத்தி இரண்டு விசில் கொடுத்தார். நாங்கள் ஓடினோம். பஸ்ஸும் ஓடியது. இரண்டு விசில் கேட்டால் டிரைவர் வேறென்ன செய்வார்? கண்டக்டர் ஒரு கையில் பையும் மறு கையில் டீ கிளாஸுமாகப் பஸ்ஸைத் துரத்தினார். துரை அவரையே உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த மனுஷனுடைய தோள்களைக் கவனியுங்கள். மிகவும் நேர்த்தியான ஓட்டம்" என்று எங்களுக்குப் பாடம் நடத்தினார். மறுநாள் கண்டக்டரைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டார். கேட்ட வாயோடு, காலையில் பயிற்சிக்கு வர முடியுமா என்றும் கேட்டார்.

துரையின் நிஜப் பெயர் எங்கள் நாக்கில் நிற்காது. அவருடைய தேசத்தின் பெயரும் அப்படித்தான். பாதி வருஷம் பனி கொட்டும் என்று சொன்னதால் அதற்கு 'ஐஸ் ஊர்' என்று பெயர் வைத்துவிட்டோம். ஊழியம் செய்ய வந்தவர், கூடவே விளையாட்டும் சொல்லிக் கொடுத்தார். தமிழை யாரோ ஒரு பழைய பண்டிதரிடம் கற்றுக்கொண்டு வந்திருந்தார். அதன் மேல் எங்கள் ஊர்ப் பேச்சு வந்து உட்கார்ந்துகொண்டது. அதனால், "மகனே, நீ எங்கே போய்க்கினு இருக்கிறாய்?" என்பார். சிரித்தால் கோபம் வராது. அவரும் சேர்ந்து சிரிப்பார். விசில் மட்டும் கழுத்தை விட்டு இறங்காது. ஞாயிறு ஆராதனைக்கு மிஷன் கோயிலிலும் அதோடுதான் உட்காருவார். பிரசங்கம் நீண்டுபோனால் அவர் கை விசிலைத் தடவும். அதைப் பார்த்ததும் பிரசங்கம் செய்கிற பாதிரி ஐயர் சீக்கிரம் ஆசீர்வாதத்துக்கு வந்துவிடுவார்.

மனுஷனுக்கு ஒரே பைத்தியம், ரிலே ஓட்டம். அதிலும் ஓட்டத்தைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. ஓட்டத்தை ஆண்டவர் கொடுத்துவிட்டார், கைமாற்றுவதை நாமே கற்றுக்கொள்ள வேண்டும் என்பார். எங்களிடம் அதுதான் கோளாறு. கல்வராயன் மலையிலிருந்து வந்த பிள்ளைகள் ஹாஸ்டலில் இருந்தார்கள். எங்களைப் போல கீழ்நாட்டுப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வந்தோம். சாப்பாட்டு வரிசையில்கூட அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். ரிலேயில் முன்னால் நிற்கிறவன் திரும்பிப் பார்க்காமல் கையைப் பின்னால் நீட்ட வேண்டும், ஓடி வருகிறவன் தான் கொண்டுவரும் ரிலே குழாயை அதில் வைக்க வேண்டும். எங்கள் பையன்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். மலைப் பையனுக்குக் கீழ்நாட்டான் கொடுப்பானா என்று சந்தேகம், கீழ்நாட்டானுக்கு அவன் பிடிப்பானா என்று சந்தேகம். திருக்கோவிலூர் போட்டியில் முன்னால் ஓடிக்கொண்டிருந்து, அந்தச் சந்தேகத்திலேயே குழாயைக் கீழே போட்டுத் தோற்று வந்தோம்.

அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் எந்தப் பொருளும் நேராகக் கைமாறவில்லை. தட்டு, சாக்பீஸ், வாழைப்பழம் எல்லாம் முதுகுக்குப் பின்னால்தான். ஒருநாள் சாம்பார் வாளியும் அப்படியே போனது. பாதி வழியில் அது யார் தலையில் இறங்கியது என்பதை விட்டுவிடுகிறேன், அவர் இப்போது பெரிய ஆபீசர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் காணிக்கைப் பையும் தோளுக்கு மேல் பின்னால் போக ஆரம்பித்ததும் சபை மூப்பருக்குப் பொறுக்கவில்லை. அவர் கண்டிப்பானவர், வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இருக்காது. "இன்னா தொரை இது, கோயிலா கிரவுண்டா?" என்று கேட்டார். இரண்டிலும் நம்பிக்கைதானே வேண்டும் என்றார் துரை. மூப்பர் வேட்டியை உதறிக்கொண்டு போய்விட்டார்.

துரைக்கு முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. விடியற்காலையில் மைதானத்தில் முழங்கால் போட்டு ஜெபம் செய்வார். ஹாஸ்டல் சமையல்காரர் ஒருநாள் கிட்டே போய் விசாரித்தார்.

"டெய்லி இன்னா சாமி வேண்டிக்கினு இருக்கீங்க?"

"ஒரு வாழ்க்கைத் துணைக்காக."

"சொன்னா நாங்க பாத்து வெப்பமே."

"தேவன் காண்பிப்பார்."

"அவரு காமிக்கறதுக்குள்ள உங்களுக்கு முடி கம்மியாயிடுமே சாமி."

தேவன் காண்பித்தது ஒரு ஸ்டூலின் மேல். எங்கள் மருந்து அறையைப் பார்த்துக்கொண்டவர் எஸ்தர் நர்ஸ். சொந்த ஊர் மூங்கில்துறைப்பட்டு, அப்பா சர்க்கரை ஆலையில் வேலை. மைதானத்தில் விழுந்து எழுந்த முழங்கால் ஒவ்வொன்றும் அவர் கையால் டிஞ்சர் வாங்கியிருக்கிறது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து, ஸ்டூலில் ஏறிப் பாட்டுப் புத்தகங்களை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ராணி என்ற பெண் கீழே நின்று எடுத்துக் கொடுப்பது வழக்கம். அன்று ராணி நழுவிவிட்டாள். துரை அந்த இடத்தில் போய் நின்றார். எஸ்தர் திரும்பாமல் கையை நீட்ட, இவர் வைக்க, அவர் அடுக்க, ஒரு புத்தகம்கூட விழவில்லை. "ராணி, இன்னிக்கு தான்டி நீ ஒழுங்கா குடுக்கற" என்று சொல்லிக்கொண்டே திரும்பினார் எஸ்தர்.

ஸ்டூலில் நின்றும் அவருக்குத் துரையின் முகம் நேராகத்தான் தெரிந்தது. அவ்வளவு உயரம்.

"இந்தத் தேசத்தில் எனக்கு வாய்த்த முதல் சரியான கைமாற்றம்" என்றார் துரை. அதையே கல்யாணப் பேச்சாகவும் வைத்துக்கொள்ளும்படி கேட்டார். எஸ்தர் ஜெபம் பண்ணிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. "நானும் ரொம்ப நாளா ஜெபம் பண்ணிக்கினு தான் இருந்தேன். இவ்ளோ ஒசரமா வரும்னு நெனைக்கல."

எஸ்தரின் அப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். மோதிரம் கணக்கில்லை, தாலி கட்ட வேண்டும். காலமான தன் மனைவியின் தாலியை உருக்கி அந்தப் பொன்னில் செய்ய வேண்டும். கள்ளக்குறிச்சியில் ஆசாரியிடம் கொடுத்தார்கள். ஆசாரிகள் எப்போது கொடுப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். கல்யாணத்தன்று காலையில் தயாராக இருக்கும் என்றார்.

அதற்குள் மிஷனிலிருந்து உத்தரவு வந்தது. துரை இங்கே தங்குவதற்கான அனுமதி முடிகிறது, அடுத்து ஆப்பிரிக்காவில் ஊழியம். குறித்த நாளில் கல்யாணம் நடந்தால் எஸ்தரும் கூடப் போகலாம். நாள் தள்ளினால் துரை தனியாகத்தான் போக வேண்டும், பிறகு எப்போது திரும்பி வர விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சரியாக அந்த வாரம்தான் சாலை மறியல். வேலையிலும் படிப்பிலும் எங்கள் ஜனங்களுக்கு இட ஒதுக்கீடு வேண்டும் என்று போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. அது விளையாட்டுக் காரியம் இல்லை பிள்ளைகளே, சில இடங்களில் உயிரும் போனது. எங்கள் பக்கம் புளிய மரங்களை வெட்டி ரோட்டில் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை. கள்ளக்குறிச்சி ரோட்டில் எங்கள் ஊர் எல்லையில் கிடந்த மரத்துக்குக் காவல் நின்றவர் உங்கள் தாத்தா, என் நைனா.

துரை ரோட்டுக்கு வந்து, கிடந்த மரங்களைக் கண்ணெட்டும் தூரம் வரை பார்த்தார். "ஹர்டில்ஸ்" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

எங்கள் ஓட்டக்காரர்களில் கீழ்நாட்டுப் பையன்கள் எல்லாருக்கும் வீடு அந்த ரோட்டை ஒட்டித்தான். துரை போட்ட திட்டப்படி முந்தின நாளே நடந்து அவரவர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காலையில் கள்ளக்குறிச்சிப் பையன் ஆசாரியிடம் தாலியை வாங்கி, பஞ்சில் சுற்றி, ரிலே குழாய்க்குள் வைத்து, இரண்டு பக்கமும் துணியால் அடைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஊருக்கு ஊர் கைமாறி, கடைசியில் ஒரு மலைப் பையனிடம் வந்து கோயிலுக்குச் சேர வேண்டும். மூப்பர் கேட்டதும் நெஞ்சில் கை வைத்தார். "திருக்கோவிலூர்ல வெறுங் கொழாயவே கீழ போட்ட பசங்க. தாலிய குடுக்கப் போறீங்களா?" துரை, ஆமாம் என்றார், அவ்வளவுதான்.

மறுநாள் காலை எங்கள் ஊர் மரத்துக்குப் பக்கத்தில் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். நைனா மரத்தின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாடா, சோளக்கொல்ல பொம்ம மாதிரி?"

விஷயத்தைச் சொன்னேன். இந்த மரத்தைத் தாண்டி ஈ எறும்புகூடப் போகாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசியிருப்பதாகச் சொன்னார். அவர் பேச்சு முடிவதற்குள் என் கையில் குழாய் வந்து உட்கார்ந்தது. நான் ஓடினேன். நைனா கையை விரித்து மறிக்க வந்தார். அவரை ஏமாற்றி ஒரு பக்கமாகத் தாவினேன். ஒரு கிளை காலை வாரிவிட்டது. மரத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தேன். குழாய் நெஞ்சோடு இருந்தது, கணுக்கால் மட்டும் என் பேச்சைக் கேட்கவில்லை.

நைனா மரத்தைச் சுற்றி ஓடி வந்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். எழுந்து நிற்க முடியாது என்று தெரிந்தது.

"வுழுந்தா இன்னா பண்ணணும்னு சொல்லிக் குடுத்திருக்காரு உங்க தொரை?"

"கொழாய மட்டும் தரையில வெக்கக் கூடாதுன்னாரு நைனா."

நைனா ரோட்டைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "குடு."

கூட இருந்தவர்களில் ஒருத்தர், "யோவ், மறியல் இன்னா ஆவறது?" என்று கேட்டார்.

"வண்டிக்குத் தான மறியல். நான் வண்டியா?" என்று சொல்லிவிட்டு உங்கள் தாத்தா ஓடினார். அதுவரை மாட்டைத் துரத்துவதற்குத் தவிர அவர் ஓடி நான் பார்த்ததில்லை. கரும்புக் கட்டு சுமந்த அந்த உடம்பு ரோட்டில் தடதடவென்று போனது. அடுத்த மரத்தில் காவல் நின்றவர்கள் போலீஸ்தான் துரத்துகிறது என்று நினைத்துக் கூடவே கொஞ்ச தூரம் ஓடினார்களாம்.

அவர் கொடுக்க வேண்டியது சடையனிடம். சடையன் மலைப் பையன். அவன் ஊர் ஆட்கள் கேழ்வரகு விற்க வந்தால் எங்கள் வீட்டு வாசலோடு நிறுத்தித்தான் நைனா பேசுவார். அன்று சடையன் முதுகைக் காட்டிக்கொண்டு கையை நீட்டி நின்றான். திரும்பவில்லை. நைனா அந்தக் கையில் குழாயை வைத்து, விரல்களை மூடி, விட்டார். வந்தது நான் இல்லை என்று தெரியாமலே அவன் பறந்தான். பிறகு கேட்டபோது, "கை மட்டும் காப்பு காச்சி கல்லு மாதிரி இருந்திச்சி. ராத்திரியோட ராத்திரியா வயசாயிட்ச்சோன்னு பாத்தேன்" என்றான்.

கோயில் வாசலில் மாப்பிள்ளை கோட்டும் மாலையுமாக, வாயில் விசிலோடு, ரோட்டுக்கு முதுகைக் காட்டிக் கையைப் பின்னால் நீட்டி நின்றாராம். வெகுநேரம் அப்படியே நின்றாராம். ஐயர் கடிகாரத்தைப் பார்த்தார். எஸ்தரின் அப்பா ரோட்டைப் பார்த்தார். மூப்பர், ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் குறைந்தா போய்விடும் என்று கெஞ்சினார். துரை திரும்பவில்லை. சடையன் குழாயை அவர் கையில் வைத்ததும் ஊதினார் பாருங்கள் ஒரு விசில், அது மலை மேல் கேட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள்.

ஆனாலும் மூப்பர் மூப்பர்தான். யார் யார் கையெல்லாம் பட்டு வந்த தாலியோ என்று மெதுவாக ஆரம்பித்தார். பதில் சொன்னது மணப்பெண். "அந்தக் கை எல்லாத்துக்கும் நான் தான் மருந்து போட்டுக் கட்டினேன் ஐயா. எல்லாம் எனக்குத் தெரிஞ்ச கைங்க தான்."

நைனா திரும்பி வந்து என்னைச் சைக்கிளில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மரம் வந்த இடத்தில் எல்லாம் காவல்காரர்களே சைக்கிளோடு என்னைத் தூக்கி அந்தப் பக்கம் விட்டார்கள். போய்ச் சேர்ந்ததும் எஸ்தர் நர்ஸ் பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து என் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டார். பந்தியில் நைனாவுக்குப் பக்கத்து இலை சடையனுக்கு. அவர் எழுந்திருக்கவில்லை. தன் இலையிலிருந்த லட்டை அவனுக்கு வைத்து, "சாப்டு, நல்லா ஓடற" என்றார்.

மறியல் ஓய்ந்ததும் துரையும் எஸ்தரும் புறப்பட்டுப் போனார்கள். சில வருஷம் கழித்து ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு படம் வந்தது. செம்மண் மைதானத்தில் பிள்ளைகள் வரிசையாகக் கையைப் பின்னால் நீட்டி நிற்கிறார்கள். ஒரு ஓரத்தில் பஞ்சும் மருந்து பாட்டிலுமாக எஸ்தர் நர்ஸ். துரையின் தலையில், சமையல்காரர் சொன்னபடியே, முடி கம்மி.

எனக்குப் படிப்பு பத்தாவதோடு நின்றுவிட்டது. நைனா கேட்ட ஒதுக்கீடு பிறகு கிடைத்தது, அதில் உங்கள் அத்தை டீச்சரானாள். ஆனால் அவருடைய பெருமை எது என்று கேட்டால், தாலி கொண்டு ஓடியதைத்தான் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ரோட்டைக் கடக்கும்போது நான் கையைப் பின்னால் நீட்டிக்கொண்டு முன்னால் நடக்கிறேன் என்று உங்கள் அம்மா திட்டுகிறாள். பிள்ளைகள் வருகிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தால் என்ன என்கிறாள். நான் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கை வந்து என் விரலைப் பிடித்துக்கொள்கிறது. அப்போதெல்லாம் விசில் துரையைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.