டயரை உதைக்கும் அத்தான்

பழைய கார் வாங்கப் பணம் வேண்டும், கொஞ்சம் தைரியமும் வேண்டும். இரண்டும் குறைந்தால்கூட எப்படியோ சமாளித்துவிடலாம். ஆனால் 'கூட வந்து பார்த்துச் சொல்பவர்' என்று ஓர் இனம் இருக்கிறதே, அதனிடமிருந்து மட்டும் யாரும் தப்ப முடியாது. நாம் அழைக்கவே வேண்டாம். கார் வாங்கும் பேச்சு காதில் விழுந்தால் போதும், செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார்.

இந்தக் கதையில் வரும் நர்ஸுக்கு அப்படி வாய்த்தவர் அவளுடைய அக்கா புருஷன். அவள் லைசென்ஸ் வாங்கிப் பத்து நாள்தான் ஆகிறது; வண்டியைப் பின்னுக்கு எடுக்கும்போது இன்னும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். ஒன்றாம் தேதி முதல் ஊருக்கு வெளியே உள்ள ஆஸ்பத்திரியில் வேலை. காலை ஆறு மணிக்கு வார்டில் நிற்க வேண்டும். முதல் பஸ் கிளம்புவதே ஆறேகாலுக்கு. கார் அமையாவிட்டால் மூன்று வருடம் காத்திருந்து கிடைத்த வேலை கைநழுவிப் போகும். அத்தானுக்கும் இது தெரியும். தெரிந்து என்ன பயன்?

அத்தான் கார் பார்க்கும் அழகை நீங்கள் பார்க்க வேண்டும். முதலில் முன் டயருக்கு ஓர் உதை. டயர் என்ன சொன்னதோ, "ம்ஹும்" என்பார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கிணற்றில் விழுந்த வாளியைத் தேடுகிறவர் மாதிரி எட்டிப் பார்த்து, எதையோ விரலால் தொட்டு, அந்த விரலை முகர்ந்து, விற்பவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெள்ளத்துல நின்ன வண்டியா இது?" என்பார். வண்டி மூன்றாவது மாடியில் நின்றாலும் இதே கேள்விதான். இவரிடம் சொந்தமாக இருப்பது ஒரு சைக்கிள். அதன் செயின் கழன்றால் கடைவரைக்கும் தள்ளிக்கொண்டு போவார்.

பதினோரு கார் பார்த்தாயிற்று. ஒன்று ரொம்பப் பளபளத்தது, எதையோ மறைக்கிறார்களாம். இன்னொன்று பளபளக்கவே இல்லை, கவனிக்காமல் விட்டுவிட்டார்களாம். டாக்டர் வைத்திருந்த கார் என்றால், "அவசர அவசரமா ஓட்டியிருப்பாரு." ரிட்டயர்டு வாத்தியார் கார் என்றால், "மெதுவா ஓட்டி எஞ்சினையே தூங்க வச்சிருப்பாரு." அவள் ஆசைப்பட்ட சிவப்புக் காரை மறுநாளே வேறு யாரோ ஓட்டிப் போய்விட்டார்கள். அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். "நல்லவேளை, தப்பிச்சோம்!" என்றார் அத்தான், காபியை ஆற்றியபடி.

பன்னிரண்டாவது கார், தையல்கடை நடத்தும் ஓர் அம்மாவுடையது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் நான்கே நாள். அத்தான் காலைத் தூக்கினார். உதை விழுவதற்குள் அந்த அம்மா முந்திக்கொண்டார்.

"அந்த டயர் தேய்ஞ்சிடுச்சுங்க, மாத்தணும்."

தூக்கிய கால் அப்படியே நின்றது.

"பின்கதவுக் கண்ணாடி ஒண்ணு இறங்காது. மழை பெஞ்சா டிக்கியில தண்ணி வரும். இடப்பக்கம் திருப்பினா டொக் டொக்குன்னு ஒரு சத்தம் வருது, என்னன்னு எனக்குத் தெரியல. மத்தபடி எட்டு வருஷமா தினமும் ஓட்டுறேன். ஒரு நாள்கூட நடுவழியில விட்டதில்ல."

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. குறை கண்டுபிடிக்க வந்தவரிடம் எல்லாக் குறையையும் பொட்டலம் கட்டிக் கையில் கொடுத்துவிட்டால், பாவம், மனிதர் என்னதான் செய்வார்? அந்த நேரத்தில்தான் நர்ஸுக்கு ஒன்று உறைத்தது. அத்தானுக்கு எந்தக் காரோடும் பகை கிடையாது. எதிரில் நிற்பவர் எதைச் சொன்னாலும் அதற்கு மறுபேச்சு பேசியாக வேண்டும், அவ்வளவுதான்.

"வேணாம் அத்தான்," என்றாள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. "இவ்வளவு கோளாறுன்னு அவங்களே சொல்றாங்க. வாங்க, போயிடலாம்."

"உனக்கு என்ன தெரியும்? எட்டு வருஷம் ஓடின டயர் தேயாம வளருமா?"

"கண்ணாடி இறங்காதாமே?"

"தூசி வராதுல்ல!"

"அந்த டொக் டொக்..."

"வயசான வண்டி ரெண்டு வார்த்தை பேசத்தான் செய்யும். நான் சொல்றேன், எடு!"

சிரிப்பு வெளியே வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு எடுத்தாள். ஒன்றாம் தேதி காலை ஐந்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி வாசலில் வண்டியை நிறுத்தியவள், ஸ்டீயரிங்கை விட மனசில்லாமல் ஐந்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷம். அத்தானும் சந்தோஷமாகத்தான் இருக்கிறார். "பதினோரு வண்டியைக் கழிச்சுட்டு நான் பொறுக்கி எடுத்த வண்டி" என்று தெருவில் அவர் சொல்லாத ஆள் பாக்கியில்லை.

எல்லாம் சரி வாசகரே, ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இடப்பக்கம் திருப்பும்போது வருகிற அந்த டொக் டொக் எதனால் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. ஆனால் அதைப் படித்த மாத்திரத்திலேயே, 'அட, இது அதுதான்' என்று உங்கள் மனசு ஏதோ ஒரு பாகத்தின் பெயரைச் சொல்லிவிட்டதா இல்லையா? வலப்பக்கம் திருப்பினாலும் வருகிறதா என்று கேட்க வாய் துறுதுறுக்கிறதா? அப்படியென்றால் ஓர் உதவி செய்யுங்கள். உங்கள் வீட்டில் யாராவது கார் பார்க்கக் கிளம்பும் நாளில், உங்கள் செருப்பை ஒளித்துவைக்கச் சொல்லுங்கள்.