மறையாணி நிறுத்திய வண்டி

சக்கரத்தை முதன்முதலில் செய்தவனே நேரில் வந்திருந்தாலும், "இதை எவன்யா செஞ்சான்?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார் எங்கள் மறையாணி. சொந்தப் பேர் என்னவோ, போடியில் யாருக்கும் தெரியாது. மலைக்கு வண்டி கட்டுகிறவன் எவனானாலும் சக்கரம் வாங்க அவரைக் கூட்டிப் போவான். பிறகு ஏன்டா கூட்டிப் போனோம் என்று தலையில் அடித்துக்கொள்வான்.

மரச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டாவைக் காய்ச்சி மாட்டுவார்கள் அல்லவா? வெயிலில் மரம் சுருங்கினால் அது நழுவும். மட்டமான பாதையில் நழுவினால் திரும்ப மாட்டிக்கொள்ளலாம். குரங்கணி மலை ஏற்றத்தில் நழுவினால் வண்டி பள்ளத்தில்தான். மற்றவர்கள் சக்கரத்தைக் கண்மாயில் ஊறப்போட்டு, சாமியைக் கும்பிட்டுக் கிளம்புவார்கள். இவர் மட்டும் பட்டாவைத் துளைத்து, மரத்தோடு சேர்த்து மறையாணி போட்டுத் திருகி முடுக்கச் சொல்வார். மனுஷனுக்கு மறை கழண்டதால் வந்த பேர் என்பாரும் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன்.

அப்போது புதிதாக வண்டி கட்டத் தொடங்கியிருந்த எனக்கு, பக்கத்து ஊரான சிலமலையில் பெண் பேசியிருந்தது. பெண்ணின் அப்பா குரங்கணிக்கு அரிசி அனுப்புகிறவர். முந்தின வருஷம் பட்டா நழுவி, ஒரு லோடு அரிசியும் ஒரு மாடும் பள்ளத்தில் போனதில் நொந்திருந்தார்.

"தம்பி, என் லோடை ஏத்து. நானும் கூட வர்றேன். சேதமில்லாமப் போய்ச் சேந்தா பொண்ணு உனக்கு."

அந்தப் பெண்ணைக் கோயிலில் ஒரே தடவை பார்த்ததற்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடினேன் மறையாணியிடம்.

ஆசாரி பட்டறையில் மயில் செதுக்கி வர்ணம் பூசிய சக்கர ஜோடி ஒன்று இருந்தது. எனக்கு அதன் மேல்தான் கண். "கோயில் வாசல்ல நிக்க வச்சுக் கும்பிடலாம்" என்று ஒதுக்கிவிட்டார் மறையாணி. மற்ற சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தெருவில் உருட்டி, காதைச் சாய்த்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அவர் பின்னால் தெரு நாய்கள் ஓடின. ஆரக்காலைத் தட்டினார், முகர்ந்தார், ஒன்றை நக்கியும் பார்த்தார்.

"உப்பு போதுமாண்ணே?" என்றார் ஆசாரி.

கடைசியில், இருப்பதிலேயே அவலட்சணமான ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். அரை நாழிகையில் பெண் பார்த்து முடித்த எனக்குச் சக்கரம் பார்க்க ஒரு வாரம் ஆனது.

லோடு ஏற்றிக் கிளம்பினோம். பெண்ணின் அப்பா மூட்டை மேல் உட்கார்ந்திருந்தார். மறையாணி, முடுக்குகிற இரும்புச் சாவியோடு சக்கரத்தை ஒட்டியே நடந்தார். கூப்பிடு தூரத்துக்கு ஒரு தடவை நிறுத்தி முடுக்கினார். பின்னால் வந்த வண்டிக்காரர்கள் எங்கள் வம்சத்தையே வைதார்கள். வெரசாப் போகச் சொல்லி, மூட்டை மேலிருந்த பெரியவருக்குத் தொண்டை வறண்டது.

பள்ளத்தை ஒட்டிய கடைசி வளைவில் மறுபடியும், "நிப்பாட்டு" என்றார் மறையாணி.

"இனி நின்னுச்சுன்னா பொண்ணு கிடையாது" என்றார் பெரியவர்.

மறையாணியைப் பார்த்தேன். அவர் கண் சக்கரத்தைவிட்டு அகலவில்லை. முகத்தில் அப்படியொரு பயம். மூக்கணாங்கயிற்றைச் சுண்டி நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அண்டக்கொடுத்தேன்.

ஒவ்வொரு ஆணியாக முடுக்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் சரியாத்தான் இருக்கு. போலாம்."

அவரையே பள்ளத்தில் உருட்டிவிடலாமா என்றிருந்தது. பெரியவர் குதித்து இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டார்.

குரங்கணியில் ஒரு மணி அரிசி சிந்தாமல் லோடு இறங்கியது. என் கல்யாணமும் அதோடு இறங்கிவிட்டது என்றே நினைத்தேன். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மறையாணி வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு அவரிடம் போனார்.

"கோவிச்சுக்கிறாதீக. பொண்ணு இல்லைன்னு நீங்க சொன்ன பொறவும் நிப்பாட்டுனான். நாளைக்கு உங்க மக இதுல ஏறுனா, எவன் வைதாலும் நிப்பாட்டுவான்."

பெரியவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு என்னைப் பார்த்து, "சாப்ட்டீகளா மாப்ளே?" என்றார்.

கல்யாணம் முடிந்து சிலமலையிலிருந்து போடிக்குப் பெண்ணை அழைத்து வந்தோம். மட்டமான பாதை, மேடு பள்ளம் கிடையாது. அதிலும் வழிநெடுக வண்டியை நிறுத்தினார் மறையாணி. சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அத்தனை பேர் வாழ்த்த வந்த கல்யாணத்தில், எங்கள் ரெண்டு பேருக்காகவும் பயந்தது அவர் ஒருத்தர்தான்.