கல்யாணராமனின் பதினோரு பக்கம்

"சூடாமணி! இந்தச் சனியன் மறுபடியும் செத்துப்போச்சு!"

கல்யாணராமன் போட்ட சத்தத்தில், கரமனை அக்ரஹாரத்தில் நாலு வீடு தள்ளி யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள். கம்ப்யூட்டர் பொத்தானைக் கட்டைவிரலால் குத்தினார், ஆள்காட்டி விரலால் குத்தினார், கடைசியில் முஷ்டியாலேயே குத்தினார். ஒரு முனகல்கூட இல்லை. மேலே மின்விசிறி மட்டும் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமையிலிருந்து இதே கூத்து. பஞ்சாங்கம் பார்க்க உட்கார்ந்தால் சமர்த்தாக ஓடும். பேத்தியோடு வீடியோவில் பேசினால் ஓடும். வழக்கு மனுவைத் திறந்து இரண்டு வரி அடித்தாரோ இல்லையோ, திரை கறுத்துவிடும்.

வழக்கு வேறு யார்மேலும் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சொந்தத் தம்பி வெங்கிடேஷ்மேல்தான். அப்பாவின் வீட்டை இரண்டாகப் பிரித்து நடுவில் சுவர் எழுப்பியபோது, கிணறு தம்பி பக்கம் போனது. போகட்டும் என்று விட்டார். போன மாதம் கிணற்றுக்குப் போகிற வழியில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டையும் தொங்கவிட்டான் அவன். சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்ட தம்பி! முப்பது வருஷம் செக்ஷன் ஆபீசராகக் குறிப்பு எழுதிய கை சும்மா இருக்குமா? பதினோரு பக்கம் அடித்துவிட்டார். கடைசிப் பத்தி மட்டும் பாக்கி.

அந்தப் பதினோரு பக்கமும் இப்போது செத்த பெட்டிக்குள் இருந்தன.

வக்கீல் நேசையன் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லியிருந்தார். "சாரே, இன்னைக்கு நாலு மணிக்குள்ள மெயில் வரணும். நாளைக்கு ஃபைல் பண்ணிருவேன். விட்டா கோர்ட்டுக்கு வெக்கேஷன். பொறவு ஒரு மாசம் கழிச்சுத்தான் பாக்கணும், கேட்டியளா?"

மணி பதினொன்று. ஒயர்தான் போயிருக்கும் என்று கல்யாணராமன் முடிவு செய்தார். சமையலறைக்குள் பாய்ந்து, ஓடிக்கொண்டிருந்த ரைஸ் குக்கரின் ஒயரைப் பிடுங்கினார்.

"ஐயோ, சாதம் வேகறச்சே பிடுங்கறேளே!" என்றாள் சூடாமணி.

"சாதமா முக்கியம்? இங்கே கிணறே போறது!"

குக்கர் ஒயர் கம்ப்யூட்டருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் உயிர் வரவில்லை. சாதமும் வேகவில்லை. நறுக்கு நறுக்கென்று இருந்த அதையே மென்று விழுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து ஊதினார். ஒன்பது தும்மல் வந்தது. ஒரு திருகாணி உள்ளே விழுந்து எங்கோ மாயமானது.

வேறு வழியில்லாமல் சாலைக் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஷிபுவைக் கூப்பிட்டார்.

"வாங்கோ ஷிபு! கம்ப்யூட்டர் பாக்க வந்தாச்சா!" என்று சூடாமணி தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றாள்.

ஷிபு பொத்தானை ஒற்றை விரலால் தொட்டான். கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்தது.

"சாரே, இதுக்கு ஒரு கொழப்பமும் இல்லையே."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"அய்யோ, அப்படி நான் பறஞ்சேனா?"

ஷிபுவின் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியது. கல்யாணராமன் 'மேற்படி எதிர்மனுதாரர்' என்று அடித்தார். திரை கறுத்தது. அவர் முகமும் கறுத்தது.

திரும்பி வந்த ஷிபு பவர் சப்ளையை மாற்றினான். ஓடியது. வாசலில் அவன் செருப்பு மாட்டுவதற்குள் நின்றது. இப்போது ஷிபுவுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

"இதைக் கண்டுபிடிக்காம நான் போறதில்லை. சார் டைப் பண்ணுங்க. நான் டெஸ்டரை ப்ளக்குல வச்சிட்டே இருக்கேன்."

சூடாமணி இருவருக்கும் காப்பியை வைத்துவிட்டுக் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்பக்கம் போனாள். கல்யாணராமன் இரண்டு வரி அடித்தார். டெஸ்டரின் சின்ன விளக்கு அணைந்தது.

"கம்ப்யூட்டர் இல்ல சாரே! ப்ளக்குக்குக் கரண்டே வரல்லை!"

ஷிபு டார்ச் அடித்து ஒயரைத் தொடர்ந்தான். அது உத்தரத்தின் ஓரமாகப் போய், நடுச்சுவரில் ஒரு ஓட்டைக்குள் நுழைந்தது.

"இந்த ப்ளக்குக்கு உள்ள சுவிட்ச் அப்புறத்து வீட்டுலயாக்கும். செவரு கட்டுனப்போ ஒயரைப் பிரிக்கலையா?"

பிரிக்கவில்லை. பாகம் பிரிக்கையில் கரண்டி, ஜாடி, அம்மாவின் ஊறுகாய்ப் பரணி வரை அண்ணனும் தம்பியும் எண்ணி எண்ணிச் சண்டை போட்டார்கள். ஒயர் ஒன்றுதான் யார் கண்ணிலும் படவில்லை.

"அட பாவி! பூட்டுப் போட்டது போறாதுன்னு கரண்டையும் பிடுங்கறானா?"

மணி மூன்று ஐம்பது. இரண்டு வருஷமாக மிதிக்காத தம்பி வீட்டு வாசற்படியைக் கல்யாணராமன், கையில் குக்கர் ஒயரோடு, ஒரே தாவலில் தாண்டினார். உள்ளே கூடத்தில், முகமெல்லாம் தூசியாக, பிரித்துப்போட்ட கம்ப்யூட்டர் முன்னால் மண்டியிட்டிருந்தான் வெங்கிடேஷ். அவன் கையிலும் ஒரு குக்கர் ஒயர்.

"ஏண்டா, என் கரண்டை எதுக்குடா அணைக்கறே?"

"நானா? என் சுவிட்ச் உங்காத்துலன்னா இருக்கு! எலக்ட்ரீஷியன் இப்பத்தான் பாத்துச் சொன்னான். நாலு நாளா என்னை ஒரு வரி அடிக்க விட்டேளா அண்ணா?"

"உனக்கென்னடா அடிக்கிறதுக்கு இருக்கு?"

"உங்காத்துச் சாக்கடை என் பக்கம் வரதே, அதுக்குக் கேஸ்! பதினாலு பக்கம்!"

"பதினாலா?" மூன்று பக்கம் தோற்றதில் கல்யாணராமனுக்கு ரத்தம் கொதித்தது. "கிணத்தைப் பூட்டினவனுக்குப் பதினாலு பக்கமா?"

"வழியெல்லாம் குப்பை போட்டா பூட்டாம?"

"யாருடா குப்பை போட்டா?"

இருவரும் ஒயரும் கையுமாக ஒருவரையொருவர் இடிக்கிற தூரத்துக்கு வந்துவிட்டார்கள். வெங்கிடேஷின் மனைவி ராஜஸ்ரீ ஈரக்கையைப் புடவையில் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள். இரண்டு பேரையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உரக்கக் குரல் கொடுத்தாள்.

"மன்னி, நாலடிச்சாச்சு! ரெண்டு வக்கீலும் ஆபீஸைப் பூட்டியிருப்பா. இனிமே நாம ரெண்டு பேரும் சுவிட்சைப் போட்டுடலாமா?"