நார் சார் எழுதிய அழைப்பு

டெல்லியில் நடந்த தமிழ்க் கல்யாணங்கள் அத்தனைக்கும் அழைப்பில்லாமல் போய், சாப்பிடாமல் திரும்பிய ஒரே மனிதர் எங்கள் நார் சார்தான். அவர் போனது வாசலில் கட்டிய வாழை மரத்துக்காக. தாலி கட்டுவதற்குள் பெண்ணின் அப்பாவை ஓரங்கட்டி, "மரத்தை யாருக்கும் குடுத்துடாதீங்க சார்" என்று சொல்லிவைத்துவிடுவார். ஒருமுறை மெட்ரோவில் பை சோதிக்கும் மெஷினுக்குள் அவருடைய மரம் மாட்டிக்கொள்ள, பின்னால் நின்ற ஆர்.கே.புரம் ஆபீசர்கள் பாதிப்பேருக்கு அன்று அரைநாள் லீவு.

கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எனக்கு மேல்வீடு அவர். மனைவியை இழந்தவர், ரிட்டயர் ஆகச் சில மாதங்களே பாக்கி. வாழைப் பட்டையை நறுக்கி, சலவை சோடா போட்டு அண்டாவில் வேகவைப்பார். அந்த நாற்றத்துக்கு எதிர்வீட்டு அம்மாள் ஓடிவந்து, "பாய்சாப், கேஸ் லீக் ஹோ ரஹா ஹை க்யா?" என்பார். வெந்ததை அலசி, மொட்டைமாடியில் உட்கார்ந்து பழைய கிரிக்கெட் மட்டையால் அடிப்பார். வெண்ணெய் மாதிரி மசியும்வரை அடி. பிறகு பக்கெட் தண்ணீரில் கரைத்து, கொசுவலை அடித்த சட்டத்தால் அள்ளி வெயிலில் வைத்தால் காகிதம். நார் சார் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

அந்தக் கோடையில் அடி கொஞ்சம் பலமாக இருந்தது. மகள் ஒரு பஞ்சாபிப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். அவரை வளர்த்து ஆளாக்கிய மன்னார்குடி அக்கா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"போன் பண்ணினா கட் பண்ணுது சார். வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பினா, 'நான் என்ன உன் குட்மார்னிங் குரூப்பாடா?'ன்னு வாய்ஸ் மெசேஜ்ல திட்டுது. என் கையால தாள் செஞ்சு, என் கையால எழுதினா, அக்கா அதைக் கிழிக்காது. அக்கா வராம என்ன சார் கல்யாணம்?"

தாள் வந்தது. பேனாவை வைத்தால் மை ஊறிப் பரவியது. 'அன்புள்ள அக்கா' ஒவ்வொரு தடவையும் ஒரு நீலத் திட்டாகிவிடும். கல்யாணத்துக்குப் பத்தே நாள். கைவசம் கடைசி ஒரு பக்கெட்.

அன்று காலை மாடியில் என் மனைவி வற்றல் பிழிந்துகொண்டிருந்தாள். "ஏங்க, மிச்சக் கூழை அந்த பக்கெட்ல ஊத்துங்க. ஜல்தி!" அங்கே இரண்டு பக்கெட் இருந்தன. தப்பானதைத் தேர்ந்தெடுப்பதில் நான் எப்போதும் கெட்டிக்காரன்.

நார் சார் சட்டத்தைத் தூக்கினார். தாளில் சீரகம்.

"என்ன சார் இது?"

"வத்தல் கூழ் சார். தெரியாம ஊத்திட்டேன்."

திட்டியிருந்தால் தேவலை. மனிதர் கண் கலங்கி நின்றார். மறுநாள் சாயங்காலம் என் கதவை உடைக்காத குறையாகத் தட்டினார். கையில் காய்ந்த தாள். அதில் 'அன்புள்ள அக்கா' பரவாமல், அழகாக நின்றிருந்தது.

"கஞ்சி சார், கஞ்சி! வேட்டிக்குப் போடறோம், தாளுக்குப் போடணும்னு தோணலை பாருங்க!"

அக்கா வந்தார். கல்யாணத்தில் என் மனைவியிடம் அந்தக் கடிதத்தை நீட்டி, "மோந்து பாரும்மா, பச்சமிளகா வாசனை. இவன் இங்க என்னத்த ஆக்கித் திங்கிறான்னு பாக்க வேணாமா? அதான் வந்தேன்" என்றார்.

பார்த்தார். பார்த்தபின் விடுவாரா? ரிட்டயர் ஆன கையோடு தம்பியை மன்னார்குடிக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். நொய்டாவில் மகள் அவருக்காக ஒதுக்கி வைத்திருந்த அறை காலியாகக் கிடக்கிறது. அங்கிருந்து ஞாயிறுதோறும் நம் மாடிக்கு வந்துவிடுவேன் என்று நார் சார் என்னிடம் சொல்லியிருந்தார்.

அக்காவும் தம்பியும் சேர்ந்தது நல்லதுதான். கேட்பவர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் மட்டும், அன்றைக்குச் சரியான பக்கெட்டில் ஊற்றித் தொலைத்திருக்கலாமே என்று இருக்கிறது.