பத்தொன்பதாம் பக்கத்துத் தண்ணீர் லிஃப்ட்

கப்பலேறிய நாலாம் நாள் காலை, லிஃப்ட் மெக்கானிக் ஒரு முடிவுக்கு வந்தார். இந்தத் தடவை மனைவியிடம் கெஞ்சப் போவதில்லை. அவளைக் கெஞ்ச வைக்கப் போகிறார்.

மறுநாள் கப்பல் ஒரு துறைமுகத்தில் எட்டு மணி நேரம் நிற்கும். சுற்றுலாப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் புகழ்பெற்ற கோட்டை. முக்கால்வாசிக் கப்பலும் அங்கேதான் போகும். ஆனால் பத்தொன்பதாம் பக்க மூலையில், சின்ன எழுத்தில், நூறு வருஷத்துப் பழைய தண்ணீர் லிஃப்ட் ஒன்று இருந்தது. கரண்ட் கிடையாது, மோட்டார் கிடையாது. முப்பத்தைந்து வருஷம் லிஃப்டோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற மனிதருக்கு அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். இன்று காலை பத்து மணிக்குப் பதிவு முடிகிறது.

கல்யாணமானதிலிருந்து அவர் சொன்ன சினிமாவுக்கு அவள் வந்ததில்லை. அவர் காட்டிய சோபாவை வாங்கியதில்லை. ஆகவே கோட்டையைப் புகழ்ந்தால் போதும், அவளே வேண்டாம் என்பாள். கணக்கு சரிதான். என்ன, அவள் தையல்கடைக்காரி. அளவெடுக்கும்போது வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பவர்களை முப்பது வருஷமாகப் பார்த்தவள்.

ஒன்பதரைக்குச் சாப்பாட்டு மேசையில் ஆரம்பித்தார்.

"கோட்டைன்னா இதுதான் கோட்டை! இதைப் பாக்காம என் கட்டை வேகாது!"

"அப்படியா?"

"நானூறு படி. ஜம்முனு ஏறலாம்."

"உங்க முட்டியோடயா?"

"முட்டி கிடக்குது! நாளைக்குக் கோட்டைதான். குறுக்க பேசாத."

இப்போது அவள் குறுக்கே பேசியிருக்க வேண்டும். அவளோ நிதானமாக ரொட்டிக்கு வெண்ணெய் தடவி முடித்தாள்.

"சரிங்க. கோட்டைக்கே போலாம்."

மெக்கானிக்குக்குக் காபி புரையேறியது.

"கூட்டமா இருக்குமே..."

"இருக்கட்டுமே."

"வெயிலு?"

"தொப்பி இருக்கு."

"யாரும் போகாத இடமா ஒண்ணு பாத்தா என்ன? சும்மா பேச்சுக்குச் சொல்றேன். ஏதோ தண்ணி லிஃப்டாம்."

"ரிட்டயரானப்புறமும் லிஃப்டா?"

"இது வேறம்மா! மலைச்சரிவுல ரெண்டு பெட்டி, ஒரே கம்பிவடம். மேல இருக்கற பெட்டியோட தொட்டியில தண்ணி ரொப்புவாங்க. அது கனத்துல இறங்கும், கீழ இருக்கறது தானா மேல ஏறும். பிரேக் எப்படிப் பிடிக்கிறாங்கன்னுதான் தெரியல!"

"அப்ப நான் ஆசைப்பட்ட கோட்டை?"

"நீ எப்ப ஆசைப்பட்ட?"

"இப்பத்தான். நீங்கதானே ஆசை காட்டுனீங்க."

சுவர்க் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது.

"அடுத்த ஊர்ல உன் இஷ்டம்."

அவள் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தாள்.

"சரி, அடுத்த ரெண்டு ஊரும்."

கடலையே பார்த்தாள்.

"மீதி மூணு ஊரும் உனக்குத்தான், தாயே! துணிச்சந்தையோ பட்டன் ஃபாக்டரியோ, வாயைத் திறக்காம வரேன். பையையும் நானே தூக்குறேன்!"

"என்னமோ, உங்களுக்காக வரேன்," என்று பெருமூச்சு விட்டாள். "நீங்க சாப்பிடுங்க. நான் போய்ப் பதிஞ்சுட்டு வரேன்."

மறுநாள் துணி காயும் மாடிகளுக்கு நடுவே, ஒரு சந்தின் கோடியில், அந்த லிஃப்ட் நின்றது. மெக்கானிக் குழந்தையாகிவிட்டார். தண்ணீர் விழும் சத்தத்துக்குக் காது கொடுத்தார். குனிந்து சக்கரத்தின் பல்லை எண்ணினார். பிரேக்கைக் கண்டதும் "அடடா, அடடா" என்றார். பிறந்த பலனே கிடைத்துவிட்டது!

அப்போது வழிகாட்டிப் பெண் பட்டியலோடு வந்தாள். முதல் பெயரே அவர்களுடையதுதான். மூன்று நாள் முன்பே பதிந்துவிட்டார்களாம். வீட்டுக்காரருக்குப் பிரேக் பக்கத்து இருக்கைதான் வேண்டும் என்று அம்மா ஒற்றைக்காலில் நின்றார்களாம்.

மெக்கானிக் மெதுவாகத் திரும்பினார்.

"மூணு நாள் முன்னாடியேவா?"

"புத்தகத்தை எப்படிப் போட்டாலும் அந்தப் பக்கம்தான் திறக்குது. எனக்குத் தெரியாதா?"

"அப்ப நேத்து என்னை ஏன் அந்தப் பாடு படுத்துன?"

அவள் கைப்பையைக் கழற்றி அவர் தோளில் மாட்டினாள்.

"நான் எங்க படுத்துனேன்? நேராக் கேட்டிருந்தா சும்மாவே வந்திருப்பேன். நீங்களா மூணு ஊரைக் கொடுத்தீங்க, வேண்டாம்னா சொல்ல முடியும்?"