ஸ்லாக்கன் வாயைக் கட்டிய காலை

உலகத்தில் எல்லா கண்டக்டர்களும் பஸ்ஸைக் கிளப்பத்தான் பாடுபடுவார்கள். நிறுத்துவதற்கென்றே பிறவி எடுத்த ஒரே கண்டக்டர் எங்கள் ஸ்லாக்கன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் ஒரு தனியார் பஸ்ஸில் இன்றைக்கும் அவர்தான் கண்டக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் எனக்கு வேலை என்பதால் மூன்று வருஷம் அந்த பஸ்ஸில் போய் வந்தேன்.

அவர் விசில் வைத்துக்கொள்வதில்லை. ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"ஜனங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்காங்க? மல்லாட்டை மூட்டையைத் தூக்கிக்கினு வர்ற அம்மாவுக்கும் காலேஜ் பையனுக்கும் ஒரே விசிலா? தப்புங்க சார்."

அதனால் மனிதர் ஒரு ஆங்கில அகராதியை வாங்கி, வேகம் குறைவதற்கும் ஓய்வதற்கும் முடிவதற்கும் உண்டான வார்த்தைகளை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டார். டிரைவர் கோவிந்தண்ணனுக்குப் பதினோரு வருஷமாக அதில் பயிற்சி. "ஸ்லாக்கன்" என்று குரல் வந்தால் காலை லேசாகத் தளர்த்த வேண்டும். ரோட்டோரம் நிற்பவர் கை காட்டுகிறாரா, தலையைச் சொறிகிறாரா என்று பார்த்து முடிவு செய்வதற்காக. "டேப்பர்" என்றால் பஸ்ஸில் முட்டை அட்டையோ கர்ப்பிணியோ உண்டு, தூரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வர வேண்டும். "ஹால்ட்" என்றால் நின்றே ஆக வேண்டும். "சீஸ்" என்றால் இன்ஜினையும் அணைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம்.

இதெல்லாம் ரோட்டோடு நிற்கவில்லை. மழை விட்டால், "அபேட் ஆயிடுச்சி, ஷட்டரைத் தூக்குங்க" என்பார். ஜன்னல் சீட்டுக்காக இரண்டு பேர் மல்லுக்கட்டினால் நடுவில் புகுந்து, "சப்சைடு! சப்சைடு!" என்று கையை உயர்த்துவார். அடங்குங்கள் என்றுதான் அர்த்தம்; சண்டைக்காரர்கள் இரண்டு பேரும் அது ஏதோ சட்டப் பிரிவு என்று பயந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

"அண்ணே, வேகமாப் போறதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சொல்வீங்க?" என்று சீண்டினேன்.

"அது எனக்கு எதுக்கு? போறதுக்கு டிரைவரு இருக்காரு. நிறுத்துறதுக்குத்தான் நான்."

கிளம்புவதற்குத் தகரத்தில் இரண்டு தட்டு. அதற்கு மேல் அவர் அலட்டிக்கொண்டதே இல்லை. கை காட்டிய ஒருவரையும் விட்டுவிட்டுப் போனதில்லை என்பதுதான் அவருடைய பெருமை. வயலில் தூரத்தில் ஒருவர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடி வந்தாலும் பஸ் காத்திருக்கும். ஓடி வந்தவர் பஸ்ஸுக்கு வராமல் வரப்பில் ஆட்டை விரட்டிக்கொண்டு போனதும் உண்டு. நான் முதலாளியிடம் வாங்கிய திட்டு முழுவதும் ஸ்லாக்கன் உபயம்.

திட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. விக்கிரவாண்டி தாண்டி ஒரு கூட்டு ரோட்டில் வளர்மதி என்று ஒரு பெண் ஏறுவாள். திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை. அப்பா அம்மா இருவரும் கூலிக்குக் களை எடுப்பவர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டே குரூப் ஃபோர் தேர்வுக்குப் படிப்பாள். தேர்வன்று எங்கள் பஸ்ஸில்தான் போனாள். வழக்கம்போல ஸ்லாக்கன் வழியெல்லாம் நிறுத்தி ஆள் ஏற்றினார். ஒன்பது மணிக்குப் பூட்டும் தேர்வு மையத்தின் கேட்டுக்கு அவள் போய்ச் சேர்ந்தது ஒன்பது ஐந்துக்கு. பூட்டிய கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள்.

மறுநாள் அவள் அதைச் சொன்னபோது கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஸ்லாக்கனின் முகம்தான் விழுந்துவிட்டது. அன்று திண்டிவனம் வரை அவர் வாயிலிருந்து ஒரு ஆங்கில வார்த்தையும் வரவில்லை. கோவிந்தண்ணன் எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் கஷ்டப்பட்டார்.

அடுத்த தேர்வு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. எங்கள் கடைக்கு ஞாயிறும் லீவு கிடையாது, அதனால் நானும் பஸ்ஸில் இருந்தேன். இந்த முறை முன்னாலேயே போகும் பஸ்ஸுக்கு ஆறரை மணியிலிருந்து நின்றிருக்கிறாள் வளர்மதி. தேர்வுக் கூட்டம் பிதுங்கிய எந்த பஸ்ஸும் அந்தக் கூட்டு ரோட்டில் நிற்கவில்லை. நின்றது ஒரே ஒரு பஸ். ஏறும்போது மணி எட்டு இருபது.

"வேற பஸ்ஸே நிக்கலண்ணே" என்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது.

சாதாரணமாக அங்கிருந்து திண்டிவனத்துக்கு எங்களுக்கு ஒன்றே கால் மணி நேரம். ஸ்லாக்கன் ஒரு கணம் விழித்தார். பிறகு தகரத்தைப் படபடவென்று அடித்து, "அண்ணே, இன்னிக்கு எங்கியும் நிறுத்தாதே! ஜல்தியாப் போ!" என்று கத்தினார்.

பஸ் மெதுவானது.

"ஏண்ணே! போண்ணே!"

பஸ் இன்னும் மெதுவானது. எங்களுக்கெல்லாம் உயிர் போகிறது. கோவிந்தண்ணன் வியர்த்துக்கொட்டத் திரும்பிப் பார்த்தார்.

"யோவ், பதினோரு வருசமா உன் குரலு கேட்டா என் காலு தானா பிரேக்குக்குப் போவுதுய்யா! நான் இன்னா பண்றது? உனக்குப் புண்ணியமாப் போவும், வாய மூடு!"

 ஸ்லாக்கன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். வாயைச் சுற்றி இறுக்கிப் பின்னால் முடிச்சுப் போட்டார். தகரத்தில் இரண்டு தட்டு தட்டினார்.

அப்புறம் போனது பாருங்கள் பஸ்! அந்த வண்டிக்கு அப்படி ஒரு வேகம் இருக்கிறது என்று அதன் ஓனருக்கே தெரியாது. கம்பிகள் கடகடக்க, ஒரு லாரியை நாங்கள் முந்தியபோது பஸ்ஸே கைதட்டியது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆட்கள் கை காட்டினார்கள். ஸ்லாக்கன் படிக்கட்டில் நின்று, வாய்க்கட்டோடு, இரண்டு கையையும் கூப்பி அவர்களைக் கும்பிட்டுக்கொண்டே போனார். அவர் பேச வேண்டியதை ஜன்னல்காரர்கள் நாங்கள் பேசினோம்.

"பரீட்சைக்குப் போவுதுங்க, நம்ம பொண்ணு!"

கூட்டேரிப்பட்டில் பூக்கூடையோடு நின்ற அம்மா முதலில் திட்ட வாயெடுத்தது. விஷயம் காதில் விழுந்ததும், "போங்க போங்க, சாமி தொணை!" என்று எங்களையே விரட்டியது. ஜக்காம்பேட்டையில் ஒருவர் ரோட்டில் இறங்கி எதிரே வந்த டிராக்டரை ஓரங்கட்டி வழி வாங்கிக் கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகவே இல்லை; தேர்வு நடந்த பள்ளிக்கூடத்து வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தினார் கோவிந்தண்ணன்.

மணி எட்டு ஐம்பத்தாறு. வளர்மதி குதித்து ஓடினாள். அவள் உள்ளே போய்க் கேட் மூடும் வரை மொத்த பஸ்ஸும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு நாங்கள் போட்ட கூச்சலில் வாட்ச்மேன் வந்து எங்களைத் துரத்தினார். ஸ்லாக்கன் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்று சொன்னார், நாங்களும் நம்பியது போல இருந்துவிட்டோம்.

திங்கட்கிழமை பஸ் வழக்கத்தைவிட அரைமணி லேட். விட்டுவிட்டு வந்த ஒவ்வொருவரையும் ஸ்லாக்கன் ஸ்டாப் ஸ்டாப்பாக இறங்கித் தேடி, "தப்பா எடுத்துக்காதீங்க, நேத்து ஒரு பேஜாரு" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த வருஷமே வளர்மதிக்கு வேலை ஆர்டர் வந்தது. அந்தச் செய்தியை அதே ஸ்டாப்புகளில் அவரே சொல்லிக்கொண்டு போனார். பூக்கார அம்மா பஸ்ஸின் கண்ணாடிக்கு இரண்டு முழம் கட்டிவிட்டது.

இப்போது எனக்கு ஸ்கூட்டர் இருக்கிறது. ஆனாலும் அவசரமில்லாத நாளில் ரோட்டோரம் அந்த பஸ்ஸுக்காக நிற்கிறேன். என்னைப் பார்த்தாலே அவர் நிறுத்திவிடுவார், கை காட்டத் தேவையே இல்லை. இருந்தாலும் காட்டுகிறேன். கை காட்டும் ஆளைப் பார்த்ததும் அந்த மனிதர் முகத்தில் வரும் சந்தோஷம் எனக்கு வேண்டியிருக்கிறது.